இதய வால்வுக்குக் காப்பீடு உண்டு, இரத்தப் பரிசோதனைக்கு இல்லை

(நாகர்கோவிலில் நடந்த கருத்தரங்கு ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு ‘மருத்துவக் காப்பீடும் ஒடுக்கப்பட்ட மக்களும்’. அதைப் பேசினால் இரவு வரை பேசலாம். ஆனால் கூட்டம் முடிந்து வீட்டுக்குப் போகும்போது யார் கையிலும் ஒன்றும் இருக்காது. அதனால் ஒரே ஒரு இரத்தப் பரிசோதனையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அதற்கு நோயாளி எவ்வளவு கொடுக்கிறார், காப்பீட்டு நிறுவனம் எவ்வளவு கொடுக்கிறது என்று பார்த்தால் மற்றவை தானாகத் தெரிந்துவிடும்.

பரிசோதனையின் பெயர் புரோத்ராம்பின் நேரம். மருத்துவர் சீட்டில் பி.டி. ஐ.என்.ஆர். என்று எழுதுவார். குலசேகரம் பக்கம் ஒரு அம்மா என்னிடம், “மாசா மாசம் ஐயனார் டெஸ்டு எடுக்கணும் மக்களே” என்றார். எனக்கு விளங்கவில்லை. சீட்டை வாங்கிப் பார்த்த பிறகுதான் ஐ.என்.ஆர். என்று புரிந்தது. அவர் சொன்னதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. காவல் தெய்வத்துக்குப் படையல் தவறினால் என்ன நடக்கும் என்று ஊரில் சொல்வார்களோ, இந்தப் பரிசோதனை தவறினால் அது உண்மையிலேயே நடக்கும்.

விஷயம் இதுதான். காயம் பட்டால் இரத்தம் உறைய வேண்டும். குழாய்க்குள் ஓடும்போது உறையக் கூடாது. இதயத்தில் உலோக வால்வு பொருத்தியவர்களுக்கு அந்த வால்வின் மேலேயே இரத்தம் உறைந்து கட்டியாகும் ஆபத்து ஆயுள் முழுதும் உண்டு. அதைத் தடுக்க வார்ஃபரின், அல்லது நம் ஊரில் பரவலாக எழுதப்படும் அசிட்ரோம் மாத்திரை. வார்ஃபரின் 1948இல் எலிமருந்தாகச் சந்தைக்கு வந்தது. 1954இல்தான் மனிதருக்கு அனுமதிக்கப்பட்டது. எலியை அது எப்படிக் கொல்கிறது? உள்ளுக்குள் இரத்தம் கசிய வைத்து. அதே பொருளைத்தான் அளந்து மனிதருக்குக் கொடுக்கிறோம். அளவு கூடினால் மூளையில் இரத்தக் கசிவு. குறைந்தால் வால்வு அடைப்பு, பக்கவாதம். அளவு சரியா என்று பார்க்கிற ஒரே வழி இந்தப் பரிசோதனை.

நீல மூடிக் குழாயில் கொஞ்சம் இரத்தம் எடுப்பார்கள். குழாயில் சோடியம் சிட்ரேட் இருக்கும், ஒன்பது பங்கு இரத்தத்துக்கு ஒரு பங்கு. ஆய்வகத்தில் பிளாஸ்மாவைப் பிரித்து, த்ராம்போபிளாஸ்டினும் கால்சியமும் சேர்த்து, எத்தனை நொடியில் உறைகிறது என்று பார்ப்பார்கள். ஆர்மண்ட் குயிக் என்ற அமெரிக்க மருத்துவர் 1935இல் தந்த முறை இது. த்ராம்போபிளாஸ்டின் கம்பெனிக்குக் கம்பெனி மாறுவதால் ஒரே இரத்தத்துக்கு ஆய்வகத்துக்கொரு விடை வந்துகொண்டிருந்தது. 1983இல் உலக சுகாதார நிறுவனம் ஐ.என்.ஆர். என்ற பொது அளவைக் கொண்டுவந்தது. இப்போது திருவனந்தபுரத்தில் எடுத்தாலும் தக்கலையில் எடுத்தாலும் எண் ஒன்றாக இருக்க வேண்டும். சாதாரண மனிதருக்கு ஏறத்தாழ 1. உலோக வால்வு வைத்தவருக்கு, வால்வு எந்த இடம் என்பதைப் பொறுத்து, 2க்கும் 3க்கும் நடுவில் அல்லது 2.5க்கும் 3.5க்கும் நடுவில் நிற்க வேண்டும். எண்ணைத்தான் உலகம் முழுக்கச் சமப்படுத்தினார்கள். விலை அப்படியே கிடக்கிறது.

இந்த வால்வு யாருக்குப் பழுதாகிறது என்பதைச் சொல்லாமல் விலைக்குப் போக முடியாது. வயதாகி வால்வு சுருங்குவது எல்லோருக்கும் வரும். ஆனால் இருபது, முப்பது வயதில் வால்வு மாற்றிக்கொண்டு வருகிறவர்களில் பெரும்பாலோருக்குக் காரணம் வாதக் காய்ச்சல். சிறுவயதில் ஒரு தொண்டைப்புண். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற கிருமி. அதைப் பென்சிலினால் தீர்க்கலாம். தீர்க்காமல் விட்டால் உடம்பின் எதிர்ப்பு சக்தி தன் இதயத்தையே தாக்கும். எங்கே பரவும்? ஓர் அறையில் ஏழெட்டுப் பேர் படுக்கும் வீட்டில். அடுத்த வீட்டுச் சுவரும் நம் வீட்டுச் சுவரும் ஒன்றாக இருக்கும் தெருவில். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இந்த நோய் ஏறத்தாழ ஒழிந்தது; வீடு அகன்றதும் பென்சிலின் கைக்கு எட்டியதும் முக்கியக் காரணங்கள். இங்கே அகலாத வீடுகள் எந்தத் தெருவில் இருக்கின்றன என்று நான் இந்த அரங்கில் சொல்லத் தேவையில்லை. மூன்று சென்ட் பட்டாவில் மூன்று தலைமுறை குடியிருக்கும் காலனிகளையும், கடலுக்கும் சாலைக்கும் நடுவே நெருக்கிக் கட்டிய மீனவர் தெருக்களையும் பார்த்துத்தான் வந்திருக்கிறீர்கள்.

இன்னொன்று. ‘இப்போது பரிசோதனையே தேவைப்படாத புது மாத்திரைகள் வந்துவிட்டனவே’ என்று படித்த நண்பர்கள் கேட்கிறார்கள். உண்மைதான், வந்திருக்கின்றன. ஆனால் உலோக வால்வு வைத்தவர்களிடம் டாபிகாட்ரான் என்ற புது மருந்தைச் சோதித்தபோது இரத்தக் கட்டியும் கசிவும் கூடியதால் ஆய்வையே நிறுத்தினார்கள். முடிவு 2013இல் வெளியானது. வாதக் காய்ச்சலால் இதயம் பழுதாகித் துடிப்பு தாறுமாறானவர்களிடம் 24 நாடுகளில், 4,500க்கும் மேற்பட்ட நோயாளிகளை வைத்து நடந்த இன்விக்டஸ் ஆய்வு 2022இல் வந்தது. அதிலும் பழைய எலிமருந்து வழி மாத்திரைதான் உயிரைக் கூடுதலாகக் காத்தது. ஆக, பரிசோதனை வேண்டாத மருந்து வேறு நோயாளிகளுக்குக் கிடைத்தது. வறுமை கொடுத்த இந்த நோய்க்கு மாதாமாதம் ஊசி குத்திக்கொள்வதைத் தவிர வழியில்லை.

இனி கணக்குக்கு வருகிறேன்.

அரசு மருத்துவமனையில் இந்தப் பரிசோதனைக்குப் பணம் இல்லை. நம் மாவட்டத்தில் ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பேச்சிப்பாறையிலிருந்து நாகர்கோவில் நாற்பது கிலோமீட்டருக்கு மேல். அதற்கும் மேலே மலைக்குள் காணிக்காரர் குடியிருப்புகள். சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பது உண்மையிலேயே பெரிய உதவி. ஆனால் நாள்? வெறும் இரத்தம் கொடுத்துவிட்டு வருவதல்ல இது. விடை வர வேண்டும், விடையை மருத்துவர் பார்க்க வேண்டும், மாத்திரையின் அளவை மாற்றி எழுத வேண்டும். விடை வரும் நேரத்தில் வெளிநோயாளர் பிரிவு முடிந்திருந்தால் மறுநாளும் போக வேண்டும். இந்த ஆண்டு என்றில்லை, எந்த ஆண்டும் இதுதான் கதை. நூறு நாள் வேலையின் கூலி 2025-26க்குத் தமிழ்நாட்டில் 336 ரூபாய். ‘இலவசப்’ பரிசோதனையின் விலை, நல்ல மாதமானால் 336, மோசமான மாதமானால் 672.

தனியார் ஆய்வகத்தில் எடுத்தால் 200 ரூபாயிலிருந்து 500, 600 வரை. நான் பார்த்த ரசீதுகளில் ஒரே பரிசோதனைக்கு, ஒரே ஊரில், நடந்து போகும் தூரத்தில் இருக்கும் இரண்டு இடங்களில் இரட்டிப்பு வித்தியாசம் இருந்தது. மருந்து கம்பெனி மாத்திரை அட்டையில் உச்ச விலை அச்சடித்தே ஆக வேண்டும். ஆய்வகம் அப்படி எதையும் சுவரில் ஒட்டி நான் பார்த்ததில்லை. குத்திய பிறகுதான் தொகை தெரியும். பரிந்துரைக்கும் மருத்துவருக்குக் கழிவு போகிறது என்று ஊரே சொல்கிறது. அப்படிக் கழிவு வாங்குவதை மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு நெறிமுறைகள் தடை செய்கின்றன. தடை இருப்பதும் தெரியும், அது எப்படி நடக்கிறது என்பதும் உங்களுக்குத் தெரியும்.

காப்பீட்டு நிறுவனம் எவ்வளவு கொடுக்கிறது? இங்கேதான் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாகி, 2018இல் ஒன்றிய அரசின் ஜன் ஆரோக்கிய திட்டத்தோடு இணைந்தது இன்றிருக்கும் திட்டம். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை சிகிச்சை. நான் இதை இழித்துப் பேச வரவில்லை. இந்தத் திட்டம் இல்லாவிட்டால் வால்வு மாற்றாமலே செத்திருப்பார்கள். அப்படிச் செத்தவர்களின் வீடுகளும் எனக்குத் தெரியும். வால்வு மாற்று அறுவைக்கு ஒரு லட்சத்துக்கு மேல் தொகுப்புக் கட்டணமாக மருத்துவமனைக்குப் போகிறது. அந்தத் தொகுப்புக்குள் ஐ.என்.ஆர். பரிசோதனையும் அடக்கம். படுக்கையில் இருக்கும்போது எத்தனை முறை எடுத்தாலும் காப்பீட்டு நிறுவனம் தனியாக ஒரு ரூபாய் கொடுக்காது, கொடுக்கவும் தேவையில்லை. ஜன் ஆரோக்கிய விதிப்படி சேர்வதற்கு முன் 3 நாள், வீடு திரும்பியபின் 15 நாள் வரையான செலவும் தொகுப்புக்குள் வரும். சில சிகிச்சைகளுக்குத் தொடர் கவனிப்புத் தொகுப்பும் உண்டு. அதற்கும் காலக்கெடு உண்டு. அதன்பிறகு? மாத்திரை ஆயுளுக்கு, பரிசோதனை ஆயுளுக்கு. காப்பீடு அங்கே இல்லை.

பணம் கட்டித் தனியார் காப்பீடு எடுத்தவர்களுக்கும் இதே கதைதான். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2020இல் எல்லா நிறுவனங்களும் விற்க வேண்டும் என்று கொண்டுவந்த ஆரோக்கிய சஞ்சீவனி பாலிசியில், படுக்கையிலிருந்து வந்தபின் 60 நாள் வரைதான். அறுபத்தோராம் நாள் எடுக்கும் ஐ.என்.ஆர். சொந்தச் செலவு.

இப்போது யாருக்கு இந்தப் பரிசோதனைக்கு நிர்ணயித்த விலை இருக்கிறது என்று பாருங்கள். ஒன்றிய அரசு ஊழியர், ஓய்வூதியர்களுக்கான சி.ஜி.எச்.எஸ். திட்டத்தில் ஒவ்வொரு பரிசோதனைக்கும் அரசு ஒரு விலை வைத்திருக்கிறது. திட்டத்தில் சேர்ந்த ஆய்வகம் அதற்கு மேல் கேட்கக் கூடாது; வெளிநோயாளியாக வந்தாலும் செல்லும். பேரம் பேசும் வலிமை உள்ளவருக்கு விலை குறைகிறது. தனியாக, மாத்திரைச் சீட்டை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு வரும் பெண்தான் சுவரில் எழுதாத முழு விலையையும் ரொக்கமாகக் கொடுக்கிறார். இது நம் ஊர்ச் சரக்கு மட்டுமல்ல. அமெரிக்காவில் முதியோருக்கான மெடிகேர் இதே பரிசோதனைக்கு 4 டாலர் 29 சென்ட் கொடுக்கிறது. காப்பீடு இல்லாதவர் ஒரு மருத்துவமனைக்குள் போய் எடுத்தால் மருத்துவமனையின் சொந்த விலைப்பட்டியலில் உள்ள தொகை; அது பல மடங்கு. 2021 ஜனவரி முதல் அங்கே மருத்துவமனைகள் தங்கள் விலைகளை வெளியிட வேண்டும் என்று விதி வந்தது. அதனால்தான் இந்த வித்தியாசமே வெளியே தெரிகிறது. பக்கத்துக் கேரளத்திலும் 2018ஆம் ஆண்டுச் சட்டம் கட்டண விவரத்தைக் காட்சிக்கு வைக்கச் சொல்கிறது. களியக்காவிளையைத் தாண்டினால் ஒரு சட்டம், தாண்டாவிட்டால் வேறு நடைமுறை.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். மாதம் ஒரு பரிசோதனை, 300 ரூபாய் என்றே வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 3,600. பன்னிரண்டு நாள் கூலி இழப்பு 4,032. இரண்டும் சேர்ந்தால் 7,632. 2022 ஜனவரி முதல் ஐந்தாண்டுக்கான ஒப்பந்தப்படி, ஒரு குடும்பத்துக்கு முழு ஆண்டுக்கு அரசு காப்பீட்டு நிறுவனத்துக்குக் கட்டும் பிரிமியம் 849 ரூபாய். அரசு கட்டுவதைப் போல ஏறத்தாழ ஒன்பது மடங்கை அந்தக் குடும்பம் இந்த ஒரு பரிசோதனைக்காகவே இழக்கிறது. திட்டத்தில் சேரும் உச்ச வருமானமான 1,20,000 இருந்தாலும் நூற்றுக்கு ஆறு ரூபாய்க்கு மேல் இதற்கே போகிறது. மாத்திரை, பஸ், சாப்பாடு எதையும் நான் சேர்க்கவில்லை.

காப்பீட்டுக் கணக்குத் தெரிந்தவர்கள் உடனே மறுப்பார்கள். 849 என்பது நோய் உள்ளவர், இல்லாதவர் எல்லாக் குடும்பங்களுக்குமான சராசரி. அதை ஒரு நோயாளியின் செலவோடு ஒப்பிடக் கூடாது என்பார்கள். சரியான மறுப்பு. ஆனால் அது எனக்குச் சாதகமான மறுப்பு. வால்வு வைத்தவர்கள் மக்கள்தொகையில் மிகச் சிலர். அவர்களுடைய மாதப் பரிசோதனையை எல்லோருக்குமாகப் பகிர்ந்தால் குடும்பத்துக்கு எத்தனை காசு வரும்? காசுக்காக விட்டுவிட்டார்கள் என்று நான் நினைக்கவில்லை. திட்டம் எழுதியவர்களின் கண்ணில் நோய் என்பது மருத்துவமனைக் கட்டிலில் நடப்பது. கட்டிலை விட்டு இறங்கியவர் நோயாளி அல்ல.

அந்தக் குலசேகரம் அம்மாவின் கதையைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். முந்திரி ஆலையில் தொலி உரிக்கிற வேலை. கிலோ கணக்கில் கூலி. முப்பத்து நான்கு வயதில் வால்வு மாற்றினார்கள். அறுவைக்கு ஒரு பைசா செலவில்லை என்று இன்றைக்கும் நன்றியோடு சொல்கிறார். முதல் ஆண்டு ஒழுங்காகப் பரிசோதனைக்குப் போனார். பிறகு ஆலை விட்டு விட்டு ஓடியது. வேலை இருக்கும் மாதம் லீவு போட முடியாது, வேலை இல்லாத மாதம் காசு கிடையாது. மூன்று மாதம் விட்டுப்போனது. ஒரு நாள் காலையில் பாத்திரம் கையிலிருந்து நழுவியது. வலது கை இன்னும் முழுதாகத் திரும்பவில்லை. தொலி உரிப்பது விரல் வேலை. “ரத்தம் எடுக்கதுக்குப் பத்து நிமிசம் மக்களே. அந்தப் பத்து நிமிசத்துக்கு ஒரு நாளு போகும். ஒரு நாளு போனா சின்னவளுக்கு நோட்டு வாங்கக் காசு இருக்காது. பின்னே பாப்போம் பின்னே பாப்போம்னு தள்ளியாச்சு, சவத்த” என்றார். பக்கவாதத்துக்கு மறுபடியும் மருத்துவமனையில் சேர்த்தார்கள். காப்பீடு செல்லும் என்றார்கள். செல்லும்தான், கட்டில் இருக்கிறதே.

இன்னொரு சிக்கலையும் அவர் மூலமாகத்தான் தெரிந்துகொண்டேன். இந்த மாத்திரை வைட்டமின் கே-யை எதிர்த்து வேலை செய்கிறது. முருங்கைக் கீரை அதிகம் தின்றால் மாத்திரையின் வேகம் குறையும். பட்டினி கிடந்தால் கூடும். காய்ச்சலுக்கு மருந்துக் கடையில் வாங்கும் ஆன்டிபயாடிக், மேல்வலிக்கு விழுங்கும் மாத்திரை இவையும் எண்ணைக் கலைக்கும். ‘சாப்பாட்டை ஒரே சீராக வைத்துக்கொள்ளுங்கள்’ என்று மருத்துவர் சொல்வார். மாதச் சம்பளக்காரர் வீட்டில் சாப்பாடு சீராக இருக்கும். கடலோரத்தில் விசைப்படகுத் தடைக்காலத்தில், இங்கே கிழக்கே ஏப்ரல் நடுவிலிருந்தும் மேற்கே ஜூனிலிருந்தும், வீட்டுச் சட்டியில் விழுவதே மாறிவிடும். மீன் இருந்த இடத்தில் மரச்சீனியும் கட்டன் சாயாவும். ஆக வருமானம் குறையும் மாதத்தில்தான் பரிசோதனை கூடுதலாகத் தேவைப்படுகிறது. இளம்பெண்கள் விஷயம் இன்னும் கொடுமை. கர்ப்பத்தின் தொடக்கத்தில் வார்ஃபரின் குழந்தைக்கு ஆபத்து. மருந்தை மாற்ற வேண்டும், அடிக்கடி இரத்தம் பார்க்க வேண்டும். நெஞ்சுத் தழும்பையே மறைத்துக் கல்யாணம் செய்துவைக்கப்பட்ட பெண் மாதாமாதம் இரத்தம் கொடுக்க எந்தக் காரணம் சொல்லி வீட்டைவிட்டு வெளியே வருவாள்?

‘ஆய்வகத்தில் யாரும் சாதி கேட்பதில்லையே’ என்று ஒரு நண்பர் என் ஆய்வுத் தலைப்பைப் பார்த்துக் கேட்டார். உண்மை, கேட்பதில்லை. குழாயில் பெயரும் வயதும்தான் ஒட்டுகிறார்கள். ஆனால் எந்தத் தெருவில் பிறந்தால் தொண்டைப்புண் இதயத்துக்கு ஏறும், எந்த வேலையில் இருந்தால் லீவு கிடைக்கும், யார் பெயர் சம்பளப் பதிவேட்டில் இருக்கும் என்பதையெல்லாம் முன்கூட்டியே கேட்டு முடித்தாயிற்று. ஆய்வகத்தில் கேட்க வேண்டிய மிச்சம் எதுவும் இல்லை.

இந்த மண்ணுக்கு இது புதிதுமல்ல. 1838இல் நெய்யூரில் ஆர்ச்சிபால்ட் ராம்சே மருத்துவம் பார்க்கத் தொடங்கிய காலத்தில், நம் பாட்டிமார் மேலாடை உடுத்த உரிமை கேட்டு அடி வாங்கிக்கொண்டிருந்தார்கள். அரச அறிவிப்பு வர 1859 ஆனது. மிஷனரிகள் இங்கே காலூன்றியதற்கே மயிலாடியில் பறையர் குலத்தில் பிறந்த வேதமாணிக்கம் போய் அழைத்ததுதான் காரணம். வைக்கத்தில் தெருவில் நடக்கும் உரிமைக்காகத் தந்தை பெரியார் சிறை போன 1924இல் இந்த நாஞ்சில் நாடும் அதே திருவிதாங்கூர்தான். தெருவில் நடக்க முடியாதவர் மருத்துவமனைக்கு எப்படிப் போயிருப்பார்? இன்றைக்குத் தெரு திறந்திருக்கிறது. 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவில் தமிழ்நாட்டிலேயே முதல் மாவட்டம் நாம்தான், 91.75 விழுக்காடு. அந்த எண்ணைச் சொல்லிச் சொல்லியே பல கேள்விகளை இங்கே கேட்காமல் விட்டுவிடுகிறோம்.

காப்பீடு என்றாலே கட்டிலுக்கு மட்டும்தான் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தார். அவருடைய துறையின் கீழ்தான் 1943இல் பேராசிரியர் பி.பி. அதார்க்கர் தொழிலாளர் உடல்நலக் காப்பீட்டுக்குத் திட்டம் எழுத நியமிக்கப்பட்டார். அதிலிருந்து வளர்ந்தது 1948ஆம் ஆண்டு இ.எஸ்.ஐ. சட்டம். அதில் வெளிநோயாளர் மருத்துவம் உண்டு, பரிசோதனை உண்டு, மருந்து உண்டு, நோயால் இழந்த கூலிக்கும் ஒரு பங்கு உண்டு. குடும்பத்துக்கும் மருத்துவம் உண்டு. அதாவது இந்த நாட்டில் தொழிலாளருக்காக முதலில் யோசித்த காப்பீடே கட்டிலுக்கு வெளியில் இருக்கும் மனிதரையும், அவர் இழக்கும் நாளையும் சேர்த்துத்தான் யோசித்தது. அறுபது ஆண்டு கழித்து வந்த திட்டங்கள் அதைச் சுருக்கி அறுவைக்கு மட்டும் என்று ஆக்கின.

முந்திரி ஆலைத் தொழிலாளருக்கு இ.எஸ்.ஐ. இல்லையா என்று கேட்பீர்கள். சட்டப்படி பத்துப் பேருக்கு மேல் வேலை பார்க்கும் ஆலைக்கு உண்டு. ஆனால் நோய்க்கால உதவித்தொகை கிடைக்க ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாளுக்காவது பங்களிப்பு கட்டியிருக்க வேண்டும். விட்டு விட்டு ஓடும் ஆலையில் நாள் சேராது. வேலையை வீட்டுக்குக் கொடுத்துவிட்டால் பெயரே பதிவேட்டில் இருக்காது. வீட்டில் உரித்தாலும் ஆலையில் உரித்தாலும் முந்திரிப்பருப்பு ஒன்றுதான், ஏற்றுமதிப் பெட்டியும் ஒன்றுதான். தொழிற்சங்கத் தோழர்கள் இங்கே இருக்கிறீர்கள். கூலி உயர்வுக் கோரிக்கைக்கு அடுத்த வரியாக இதையும் எழுதுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

செய்ய முடியாத எதையும் நான் கேட்கவில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரையை வீட்டு வாசலில் கொண்டுவந்து கொடுக்கிறது. வால்வு நோயாளியையும் அந்தப் பட்டியலில் சேர்க்கலாம். சிட்ரேட் குழாயில் எடுத்த இரத்தம் அன்றைக்குள் ஆய்வகம் போய்ச் சேர்ந்தால் போதும். நம் மாவட்டமே 1,700 சதுர கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். மாதத்தில் ஒரு நாள் குறித்து, ஆரம்ப சுகாதார நிலையத்தில் காலையில் இரத்தம் எடுத்து, ஒரு வண்டியில் ஆசாரிப்பள்ளத்துக்கு அனுப்பி, மாலைக்குள் எண்ணையும் மாத்திரை அளவையும் தொலைபேசியில் சொல்லிவிடலாம். விரல் நுனியில் குத்திப் பார்க்கும் கையடக்கக் கருவியும் இருக்கிறது. பட்டையின் விலை கூடுதல், அரசு மொத்தமாக வாங்கினால் குறையும். வார்ஃபரின் நம் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட முதல் அத்தியாவசியப் பரிசோதனைப் பட்டியலிலேயே பி.டி. ஐ.என்.ஆர். இருக்கிறது. அறிவியலும் பட்டியலும் நம் பக்கம்தான்.

திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தில் வலியத்தான் தலைமையில் நம் நாட்டிலேயே ஒரு வால்வைச் செய்து, 1990 டிசம்பரில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தினார்கள். இறக்குமதி வால்வு வாங்க முடியாதவர்களுக்காகச் செய்த வேலை அது. நம் மாவட்டத்திலிருந்து ரயிலேறிப் போய் அந்த வால்வோடு திரும்பியவர்கள் பலர் இருக்கிறார்கள். ஒரு வால்வையே செய்ய முடிந்த நாட்டில், அது ஓடிக்கொண்டே இருக்க வேண்டிய இரத்தத்தை மாதம் ஒரு முறை அளந்து பார்க்க ஒரு வண்டியும் ஒரு நாளும் ஒதுக்க முடியாதா?

காப்பீட்டு ஒப்பந்தம் ஐந்தாண்டு என்று சொன்னேன். 2022 ஜனவரியில் தொடங்கியது 2027 ஜனவரியில் முடியும். அடுத்த ஒப்பந்தத்தில் என்ன இருக்கும் என்பதை அதற்கு முன்பே எழுதிவிடுவார்கள். நாம் கேட்காவிட்டால் பழைய வரிகளையே படியெடுப்பார்கள். உலோக வால்வு வைத்தவர்களுக்கு ஆயுள் முழுதும் ஐ.என்.ஆர். பரிசோதனை, அது அரசு ஆய்வகமோ திட்டத்தில் சேர்ந்த தனியார் ஆய்வகமோ, நிர்ணயித்த விலையில், நோயாளி கையிலிருந்து காசு வாங்காமல். இந்த ஒரு வரி புது ஒப்பந்தத்தில் வர வேண்டும். அதோடு எல்லா ஆய்வகமும் விலையைச் சுவரில் எழுத வேண்டும்.

நவம்பர் 1 உள்ளாட்சி தினக் கிராம சபை. 1956இல் அதே நாளில்தான் நாம் தமிழ்நாட்டோடு இணைந்தோம் என்று ஊரெல்லாம் கொடியேற்றுவார்கள். கொடியேற்றிவிட்டுக் கிராம சபைக்கும் வாருங்கள். உங்கள் ஊரில் வால்வு வைத்தவர் யார் யார் என்று கேட்டு, அவர்களிடம் இருக்கும் பரிசோதனை ரசீதுகளின் நகலை எடுத்து வாருங்கள். விலை, தேதி, ஆய்வகம் மூன்றும் தெரிந்தால் போதும், நோயாளியின் பெயரை மறைத்துவிடுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாதம் ஒரு நாள் ஐ.என்.ஆர். இரத்தம் எடுக்கக் கோரும் தீர்மானத்தின் மாதிரி ஒன்றைத் தட்டச்சு செய்து கொண்டுவந்திருக்கிறேன். நாற்பது படிகள் இருக்கின்றன. வாசல் பக்கத்து மேசையில் வைத்திருக்கிறேன், எடுத்துக்கொள்ளுங்கள்.